தெரியாத பாடத்தைக் கேட்டு வாங்குங்கள்: வேலை பார்த்துக்கொண்டே நெட் கணினி அறிவியல் எழுதிய அனுபவம்

போன வாரம் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்தது. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது. ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) வயதைத் தாண்டி நாளாகிவிட்டதால் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.சி.ஏ., பி.எஸ்சி. ஐ.டி. வகுப்புகளுக்குப் போய்க்கொண்டே இந்தத் தேர்வை எழுதுகிற ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். முழு நேரமும் வீட்டில் உட்கார்ந்து படிக்க முடிந்தவர்களுக்கு ஆலோசனை ஏராளமாகக் கிடைக்கிறது. நம் நிலைமை வேறு.

பொறியியல் கல்லூரி நண்பர்கள் "எதுக்கு இந்தப் பாடு?" என்று கேட்பார்கள். அவர்கள் ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிக்குள் இருப்பவர்கள், எம்.இ. போதும். நமக்கு யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. 2023 ஜூலைத் திருத்தம் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது மாநில அளவிலான செட், ஸ்லெட் ஆகியவற்றில் ஒன்றைக் குறைந்தபட்சத் தகுதியாகச் சொல்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். நான் வாங்கும் சம்பளம் அதில் பாதியைக்கூடத் தொடாது. அதே பாடம், அதே லேப், அதே ரெக்கார்டு நோட்டுக் கையெழுத்து. இந்த ஆதங்கம்தான் என்னைப் படிக்க வைத்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வேலையில் இருக்கும் ஐ.டி. ஆசிரியருக்குப் பாடம் மறப்பதில்லை, குறுகிப்போகிறது. வருடா வருடம் சி, ஜாவா, டி.பி.எம்.எஸ்., வெப் டிசைன், பைத்தான் என்று ஒரே வட்டத்தில் சுற்றுகிறோம். நெட்டின் பாடத் தாளான தாள் 2-இல் உள்ள 10 யூனிட்டில் நம் கை பழகியிருப்பது டேட்டாபேஸ், புரோகிராமிங் மொழிகள், கொஞ்சம் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், கொஞ்சம் நெட்வொர்க். டிஸ்கிரீட் ஸ்ட்ரக்சர்ஸ், கணினி கட்டமைப்பு, தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் எல்லாம் முதுகலைத் தேர்வு எழுதிய அன்றோடு கைவிட்டுப் போனவை. தேர்வில் நம்மைக் கீழே தள்ளுவதும் அவைதான்.

எனக்கு வழி திறந்தது டைம்டேபிள் கூட்டத்தில். செமஸ்டர் தொடங்கும் முன் ஹெச்.ஓ.டி. பேப்பர் பிரிக்கும்போது எல்லாரும் பழகிய பாடத்தைப் பிடித்துக்கொள்வார்கள். நோட்ஸ் தயாராக இருக்கும், பி.பி.டி. தயாராக இருக்கும், தவறேதும் இல்லை. நான் ஒரு செமஸ்டர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் கேட்டு வாங்கினேன். அடுத்து டிஸ்கிரீட் மேத்ஸ். அப்புறம் எம்.எஸ்சி. வகுப்புக்குத் தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன். யாரும் போட்டிக்கு வரவில்லை, ஹெச்.ஓ.டி.க்கும் சந்தோஷம். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நெட்டுக்குப் படிக்க நமக்குத் தனியாக நேரம் கிடைக்காது, சம்பளத்தோடு படிக்கக் கிடைக்கும் ஒரே நேரம் வகுப்பு நேரம்தான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாணவர் கேட்கும் கேள்வியும் தேர்வில் வரும் கூற்று வகைக் கேள்வியும் ஒரே இடத்தில்தான் குத்துகின்றன. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன் வகுப்பில், "பம்பிங் லெம்மா பொருந்துச்சுன்னா அது ரெகுலர் லாங்வேஜ்தானே மேம்?" என்று ஒரு பெண் கேட்டாள். இல்லை. எல்லா ரெகுலர் மொழிக்கும் பம்பிங் லெம்மா பொருந்தும், ஆனால் அது பொருந்தியதாலேயே ஒரு மொழி ரெகுலர் ஆகிவிடாது. ரெகுலர் இல்லை என்று காட்டத்தான் அது பயன்படும். இதை அவளுக்குப் புரியவைக்க அந்தப் பீரியட் முழுக்கப் போனது. கூற்று 1, கூற்று 2 எனக் கேட்டு ஏமாற்றுவதற்கு இதைவிட வசதியான இடம் உண்டா?

இன்னொன்று, ஆப்பரேட்டிங் சிஸ்டம் வகுப்பில். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற பேஜ் வரிசையை ஃபிஃபோ (முதலில் வந்தது முதலில் வெளியேறும்) முறையில் போர்டில் போட்டேன். நினைவகத்தில் 3 ஃபிரேம் (இடம்) வைத்தால் 9 பேஜ் ஃபால்ட் (கேட்ட பேஜ் அங்கே இல்லாத நிலை), 4 ஃபிரேம் வைத்தால் 10. இடம் அதிகமானால் ஃபால்ட் எப்படி அதிகமாகும் என்று வகுப்பே சண்டைக்கு வந்தது. மறுபடியும் முதலிலிருந்து போட்டுக் காட்டினேன். இந்தப் பெலாடி அனாமலி ஃபிஃபோவுக்கு வரும், நெடுநேரம் பயன்படாததை வெளியேற்றும் எல்.ஆர்.யு.வுக்கு வராது என்பதை அதன்பின் நான் மனப்பாடம் செய்யத் தேவையே இருக்கவில்லை.

நான் வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு எதுவும் நிற்கும். தனியாக உட்கார்ந்து புத்தகம் புரட்டினால் அரை மணியில் தூக்கம். உங்களுக்கு அமைதியாகப் படிப்பதுதான் ஒத்துவரும் என்றாலும் ஒரு பாடத்தையாவது இப்படி வாங்கிப் பாருங்கள்.

வகுப்பில் கிடைக்காத பகுதிகளைக் காலி லேபில் சாக்பீஸோடு நின்று போட்டுப் பார்த்தேன். எல்லாம் கையால் போட வேண்டிய கணக்குகள்:

- டிரான்ஸ்போர்டேஷன் பிராப்ளம்: நார்த்வெஸ்ட் கார்னர், வோகல் இரண்டும். ஆப்டிமைசேஷனை முழுதாகத் தள்ளிவிடுகிறவர்கள் அதிகம், தள்ளாதீர்கள்.
- ஐ.இ.இ.இ. 754 எண் வடிவம், கேஷ் மேப்பிங்கில் டேக் பிட் கணக்கு.
- சப்நெட்: /26 என்றால் 62 ஹோஸ்ட் என்று யோசிக்காமல் வர வேண்டும்.
- ஃபர்ஸ்ட், ஃபாலோ, எல்.எல்.(1) அட்டவணை.
- பேங்கர்ஸ் அல்காரிதம்.
- ஆல்ஃபா பீட்டா புரூனிங்: எந்தக் கிளை வெட்டப்படும் என்பது வரை.
- கோஹென் சதர்லாந்து, பிரெசன்ஹாம். கிராஃபிக்ஸில் இந்த இரண்டையும் விடக்கூடாது.

சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்குக்கு நான் தனியாக உழைக்கவில்லை. சைக்ளோமேட்டிக் கம்ப்ளெக்சிட்டி, கோகோமோ, டெஸ்டிங் வகைகள், அவ்வளவுதான்.

அடுத்து, எல்லாப் பாடத்தாருக்கும் பொதுவான தாள் 1. நாம் தினமும் செய்வதுதானே கற்பித்தல் என்று நம்பிப் போக முடியாது. நார்ம் ரெஃபரன்ஸ்டு, கிரைடீரியன் ரெஃபரன்ஸ்டு தேர்வுகளுக்கு என்ன வேறுபாடு என்பதை வகுப்பு அனுபவம் சொல்லித் தராது, படித்தாக வேண்டும். ஐ.சி.டி.யில் (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) ஐந்து கேள்வியும் நமக்குரியவை, ஒன்றையும் விடக்கூடாது. லாஜிக்கில் இந்திய அளவையியல் கண்டிப்பாகப் பாருங்கள். பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம், அர்த்தாபத்தி, அனுபலப்தி ஆகிய ஆறையும் எடுத்துக்காட்டோடு ஓர் ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

உயர்கல்வி யூனிட்டில் எனக்குக் கைகொடுத்தது நாக் (கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச் சான்று தரும் அமைப்பு) வேலை. ஃபைல் ஃபைலாக ஏழு கிரைடீரியாவுக்கும் ஆவணம் திரட்டி மாலை ஏழு மணி வரை கல்லூரியில் கிடந்தபோது அழுகை வரும். ஆனால் நாக் 1994-இல் தொடங்கியது, யு.ஜி.சி. 1956-இல் சட்டப்பூர்வ அமைப்பானது, அதற்கு முன் ராதாகிருஷ்ணன் ஆணைக்குழு, பின் 1964-66 கோத்தாரி ஆணைக்குழு என்ற வரிசை அந்த ஃபைல்களோடு சேர்ந்து மனதில் ஏறியிருந்தது. கோர்ஸ் அவுட்கம் அட்டைன்மென்ட் போடுகிற ஆசிரியருக்கு புளூம் வகைப்பாடும் அப்படித்தான், ஏற்கெனவே பாதி தெரியும்.

எந்தச் சுற்றுக்கு எழுதுவது? நமக்கு டிசம்பர் சுற்றுதான். நவம்பரில் செமஸ்டர் தேர்வு ஓடும்போது வகுப்பு இருக்காது, ஹால் சூப்பர்விஷன் மட்டும்தான். ஜூன் சுற்று அட்மிஷன் காலத்தில் மாட்டிக்கொள்ளும். ஊர் ஊராக, பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளை பிடிக்கச் சொல்லும் மாதங்களில் ஒரு கிராமரைக்கூட உருப்படியாகப் பார்க்க முடியாது. எங்கள் நிர்வாகம் தேர்வு நாளுக்கே சி.எல். தரத் தயங்கியது. ஆசிரியர் தகுதி பெற்றால் கல்லூரிக்குத்தானே பெருமை? இதை இன்றும் என்னால் ஏற்க முடியவில்லை. அட்மிட் கார்டு வந்த அன்றே எழுத்துப்பூர்வமாக விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள், வாய்மொழியை நம்பாதீர்கள்.

தேர்வு அறையில் 3 மணி நேரம், 150 கேள்வி, இரண்டு தாளும் ஒன்றாக. நான் தாள் 2-இல் கணக்கில்லாத கேள்விகளை முதலில் முடித்தேன், பிறகு தாள் 1, கடைசியில் கணக்குகள். நெகட்டிவ் மார்க் கிடையாது, ஒன்றையும் காலியாக விடாதீர்கள். பொருத்துக வகையில் உறுதியாகத் தெரிந்த ஒரு ஜோடியை வைத்தே பெரும்பாலும் இரண்டு விடைகளைக் கழித்துவிடலாம்.

விண்ணப்பம் பற்றி ஓர் எச்சரிக்கை. நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவில் வராதவர்) சான்றிதழ் வேண்டும், உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து தாசில்தார் அலுவலகத்திலிருந்து வர நாளாகும். முதுகலையில் 55 சதவீதம் இல்லாமல் 50-க்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சான்றிதழ்தான் விண்ணப்பிக்கும் தகுதியையே தருகிறது. தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணும் 40 சதவீதத்திலிருந்து 35 ஆகிறது.

விடைக்குறிப்பு வந்ததும் ரெஸ்பான்ஸ் ஷீட்டை இறக்கி, ஒவ்வொரு கேள்வியையும் நீங்களே போட்டுச் சரிபாருங்கள். ஆட்சேபம் தெரிவிக்கக் கேள்விக்கு 200 ரூபாய், திரும்பக் கிடைக்காது. சந்தேகத்தை வைத்து ஆட்சேபிக்காதீர்கள், பாடநூல் பக்கம் கையில் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். உதவிப் பேராசிரியர் தகுதிச் சான்றிதழுக்கு ஆயுள் முழுக்கச் செல்லுபடி. பி.எச்.டி. சேர்க்கைக்கு மதிப்பெண் ஒரு வருடம்தான் செல்லும், சேர நினைப்பவர்கள் கைடு தேடும் வேலையை ரிசல்ட் வந்த வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள். நானும் இப்போது அதில்தான் இருக்கிறேன்.