ஓட்டல் பில்லில் சர்வீஸ் சார்ஜ்: திரும்ப வாங்கும் வழி

பில்லின் அடியில் 'எஸ்.சி. 10%' (சர்வீஸ் சார்ஜ்) என்று போட்டிருந்தால் அது அரசு வரியே இல்லை. அரசுக்கு ஒரு பைசா போகாது. ஓட்டல்காரர் தனக்கென்று போட்டுக்கொள்வது. ஜி.எஸ்.டி.க்குக் கீழேயோ மேலேயோ ஒட்டி அச்சாகியிருப்பதால், அதுவும் ஏதோ வரிதான் என்று நினைத்துக் கட்டிவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

முதலில் கணக்கு. சாப்பிட்டது 1,200 ரூபாய்க்கு. சர்வீஸ் சார்ஜ் 120. அதோடு நிற்காமல், 1,320க்கு 5% ஜி.எஸ்.டி. போட்டு 66 ரூபாய் சேர்ப்பார்கள். மொத்தம் 1,386. சர்வீஸ் சார்ஜ் இல்லாமல் இதே பில் 1,260தான் வந்திருக்கும். ஆக, கேட்க வேண்டியது 120 இல்லை, 126. சர்வீஸ் சார்ஜைச் சேர்த்து அதன் மேலும் ஜி.எஸ்.டி. போடக் கூடாது என்று வழிகாட்டுதலிலேயே தனியாக எழுதியிருக்கிறது.

அந்த வழிகாட்டுதல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று போட்டது. தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, தராவிட்டால் உள்ளே விடமாட்டோம் என்று சொல்லவும் கூடாது. அதே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. "கோர்ட்ல ஸ்டே இருக்கு சார்" என்று மேனேஜர்கள் இன்னமும் சொல்வது இதைத்தான். 2025 மார்ச் 28 அன்று ஓட்டல் சங்கங்களின் மனுக்களை அதே நீதிமன்றம் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகையோடு தள்ளுபடி செய்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன, அது வேறு. பழைய ஸ்டேயைக் காட்டி வாதாட முடியாது. 'மெனு கார்டில் போட்டிருக்கிறோமே' என்பதும் செல்லாது. ஆனால் அந்தப் பக்கத்தை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், புகாருக்கு உதவும்.

பணம் கட்டும் முன்பே, "சர்வீஸ் சார்ஜை எடுத்துட்டு வேற பில் போட்டுக் குடுங்க" என்று கேளுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும். பேனாவால் அடித்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். கம்ப்யூட்டரில் பழைய தொகையே நிற்கும், ஜி.எஸ்.டி.யும் குறைந்திருக்காது. மறுத்தால் சண்டை வேண்டாம், கட்டிவிட்டுப் பில்லோடு வெளியே வாருங்கள். பில்லே தராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அதுவே தனி முறைகேடு. யு.பி.ஐ. ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்ப வேண்டாம், அதில் மொத்தத் தொகைதான் தெரியும், எதற்கு எவ்வளவு என்பது தெரியாது. தெர்மல் தாளில் வரும் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும். அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள்.

அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பில் எண், தேதி, தொகை, திரும்ப வேண்டியது 126 என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். புகார் எண் கொடுப்பார்கள். இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். உதவி எண் உத்தரவு போடாது, புகாரை எதிர்த்தரப்புக்கு அனுப்பிச் சமரசம் பேசும், அவ்வளவுதான். உதவி மையத்தோடு இணைந்திருக்கும் பெரிய நிறுவனம் என்றால் வேகமாக முடியும். தனிக்கடை என்றால் பதிலே வராமலும் போகலாம்.

அப்படியானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசு இணையதளமான இ-ஜாக்ரிதியில் பதிவு செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஓட்டல் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சம்பவம் நடந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். புகார் மனு, பிரமாணப் பத்திரம், பில், மெனு படம், உதவி எண்ணின் பதில், இவ்வளவுதான் சேர்க்க வேண்டியது. 126 ரூபாயோடு வழக்குச் செலவையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் மனுவிலேயே கேட்டுவிடுங்கள்.

மனு சறுக்குவது பெரும்பாலும் எதிர்த்தரப்பின் பெயரில். போர்டில் இருக்கும் பெயர் வேறு, பில் போடும் நிறுவனத்தின் பெயர் வேறு. பில்லில் இருக்கும் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணை (தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும்) ஜி.எஸ்.டி. தளத்தில் தேடினால் சட்டப்பூர்வப் பெயர் வரும். அதை முதலில் எழுதி, போர்டுப் பெயரைப் பக்கத்தில் போடுங்கள். அதே பக்கத்தில் 'காம்போசிஷன்' (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜி.எஸ்.டி. திட்டம்) என்று காட்டினால் அந்தக் கடை வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி.யே தனியாக வாங்கக் கூடாது. அதையும் புகாரில் சேர்க்கலாம்.

உட்கார்ந்து சாப்பிட்ட இடத்தில் தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினார்கள் என்பதை மட்டும் இதோடு கலக்காதீர்கள். ஓட்டல்கள் அப்படி வாங்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த ஒரு வரி இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டே பேசுவார்.

நோட்டீஸ் கிடைத்ததும் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் விரும்பினால் இன்னும் 15 நாள். அதற்கு மேல் அவகாசம் கேட்டால் ஆட்சேபியுங்கள். 45 நாளைத் தாண்டி நீட்டிக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்பது 2020இலேயே முடிவான விஷயம்.