லாப் கண்ணாடியும் அரிக்கன் லாம்புச் சிமினியும்

எங்கட பள்ளிக்கூட மலரில எல்லாரும் பிக் மட்சையும் அதிபரின்ர பிரம்பையும்தான் எழுதுறியள், லாப்பை, அதுதான் ஆய்வுகூடத்தைப் பற்றி ஒருத்தரும் எழுதினதாக் காணேல்லை, அதால இந்தமுறை நானே எழுதிறன்.

தொண்ணூறுகளின்ர தொடக்கம், கரண்ட் இல்லை, மண்ணெண்ணெய் யானைவிலை, லாப்பில காஸும் இல்லை, ஸ்பிரிட் லாம்பிலதான் செய்முறை எல்லாம். ஒரு கொதிகுழாய் உடைஞ்சா மாத்துக்குழாய் எப்ப வருமெண்டு ஆருக்கும் தெரியாது, வெறுங்குழாயை ஆராவது நெருப்பில பிடிச்சா கெமிஸ்ரி சேருக்குக் கண் சிவந்திடும்.

ஒருநாள் பின்வாங்கில இருந்து ஒருத்தன் கேட்டான், வீட்டில எரியிற அரிக்கன் லாம்புச் சிமினியில ஒரு மழைத்துளி பட்டாலே டிக்கெண்டு வெடிக்குது, இந்த லாப் முகவை (பீக்கர்) இவ்வளவு கொதிச்சும் ஒண்டும் ஆகேல்லை, ரெண்டும் கண்ணாடிதானே சேர்? சோதினைக்கு வராது இரு எண்டு சொல்லியிருக்கலாம், மனிசன் பாடம் முழுக்க அதையே படிப்பிச்சார்.

சூடு இல்லையடா உடைக்கிறது, சூட்டு வித்தியாசம். கண்ணாடி வெப்பத்தை மெதுவாத்தான் கடத்தும், தண்ணி பட்ட இடம் சட்டெண்டு சுருங்கப் பாக்கும், சுத்தியிருக்கிற சூடான பகுதி விடாது, அப்ப மேற்பரப்பு இழுபடும். அமத்தினா கண்ணாடி நல்லாத் தாங்கும், இழுத்தா கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறலில தொடங்கி வெடிப்பு ஓடிடும். அதாலதான் சூடாக்கிறதை விட திடீரெண்டு குளிராக்கிறது ஆபத்து, தடிச்ச போத்தில் மெல்லிய குழாயை விடக் கெதியா வெடிக்கிறதும் அதாலதான்.

பேந்து கரும்பலகையில வலை மாதிரிக் கீறினார், கண்ணாடிக்குள்ள அணுக்கள் அப்பிடித்தான் பிணைஞ்சிருக்காம். கண்ணாடிக்கு மூலமான சிலிக்கா, அதுதான் மணல், 1700 பாகைக்குக் கிட்டத்தான் உருகும், அதைக் குறைக்கத்தான் சோடா, தண்ணியில கரையாம இருக்கச் சுண்ணாம்பு. அந்தச் சோடியம் சிலிக்கன்-ஒட்சிசன் வலையை அங்கங்க அறுத்துவிடும், வலை இளகினா விரிவும் கூடும். லாப் கண்ணாடியில சோடியம் ஒட்சைட்டு 4 வீதமளவுதான், போரன் எண்ட மூலகத்தின்ர ஒட்சைட்டு 13 வீதமளவு, போரன் வலையை அறுக்காம தானும் அதில ஒண்டாச் சேர்ந்திடும். ஒரு பாகை சூடு கூடினாச் சாதாரணக் கண்ணாடி பத்து லட்சத்தில 9 பங்கு விரியும், இது 3.3 பங்குதான்.

இஞ்ச கனடா வந்தாப் பிறகுதான் மிச்சக் கதை தெரிஞ்சது. ஜெர்மனியில யேனா நகரத்து ஒட்டோ ஷொட் 1880களிலயே போரன் போட்ட கண்ணாடி செய்திட்டார். அமெரிக்காவில கோர்னிங் கொம்பனி இறங்கினது ரயில்வே லாந்தருக்கு, மழையும் ஸ்னோவும் பட்டுச் சூடான கண்ணாடி வெடிக்குதெண்டு, அப்பிடியே எங்கட சிமினிப் பிரச்சினை! 1913இல அங்க வேலைசெய்த லிற்றில்ற்றனின்ர மனிசி பெஸி, அந்தக் கண்ணாடியில செய்த பற்றரி ஜாடியை வெட்டி அதின்ர அடியில கேக் சுட்டுப் பாத்தா, 1915இல பைரெக்ஸ் எண்ட பேரில கண்ணாடிச் சமையல் சட்டி கடைக்கு வந்திட்டுது.

இப்ப வட அமெரிக்காவில விக்கிற பைரெக்ஸ் சமையல் சட்டி பதப்படுத்தின சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி, கீழ விழுந்தா கொஞ்சம் தாங்கும், சூட்டு வித்தியாசம் அவ்வளவு தாங்காது. என்ர மனிசி ஓவனில இருந்து எடுத்ததை ஈரத்துணியில வைக்கப் போனா நான் கத்துறனான். அவா படிச்சது எங்களுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம், அங்க உதுகள் படிப்பிக்கேல்லைப் போல.