ஒகேனக்கல் மணல் திட்டு: சில நாள் குறிப்பு

ஜனவரி 23, பென்னாகரம்

ஓசூரில் மதியம் ஷிப்ட் முடிந்ததும் கிளம்பி, பொழுது சாய்வதற்குள் அத்தை வீடு வந்து சேர்ந்தோம். பாப்பா மூன்றாம் வகுப்பு. தீவு என்றால் நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த நிலம் என்று பாடத்தில் படித்த நாளிலிருந்து, ஒரு தீவுக்குக் கூட்டிப் போங்கப்பா என்று பிடித்துக்கொண்டாள். அந்தமான் போக இப்போதைக்கு வசதிப்படாது. நம்ம காவிரியிலேயே எத்தனை திட்டு கிடக்கிறது, மணல் திட்டு, பாறைத் திட்டு, அங்கே போகலாம் என்றேன், உடனே சரி என்றுவிட்டாள்.

ராத்திரி ராகிக் களி, கீரைக் கடைசல். சாப்பிட்டுக் கை கழுவும்போது அத்தை, "இது ஒகேனக்கல் தண்ணி, பாப்பா, நீ நாளைக்குப் போற ஆத்துத் தண்ணிதான்" என்றார். 2013-ல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வரும்வரைக்கும் எங்களுக்கு போர் தண்ணீர்தான். அதில் ஃப்ளோரைடு அதிகம். என் வயசுக்காரர்கள் நிறையப் பேருக்குப் பல்லில் காவி ஏறியிருக்கும், எனக்கும் இருக்கிறது. பாப்பாவுக்கு இல்லை. அதனாலேயே இந்த ஆற்றின் மேல் எனக்குத் தனிப் பாசம்.

ஜனவரி 24, ஒகேனக்கல்

இருட்டோடு கிளம்பினோம். மடம் தாண்டி மலைப்பாதையில் இறங்கும்போதே குளிர் போய் ஆற்றின் ஈர வாசனை வந்துவிடும். வழியில் ஓரிடத்தில் யானை லத்தி, பக்கத்தில் மூங்கில் ஒடிந்து கிடந்தது. பாப்பா ஜன்னலை ஏற்றிவிட்டுக் காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பரிசல்காரர் என் மாமாவுக்கு ரொம்ப நாள் பழக்கம். நான் அண்ணா என்பேன், பாப்பாவைப் பெரியப்பா என்று கூப்பிடச் சொன்னேன். முதல் வேலையாக எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, கொக்கியை அவரே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றினார். பரிசல் என்பது மூங்கில் பத்தையில் பின்னிய பெரிய கூடைதான். அந்தக் காலத்தில் அடியில் மாட்டுத்தோல் போர்த்துவார்களாம், இப்போது பிளாஸ்டிக் சாக்கு வைத்துத் தார் பூசுகிறார்கள். முன்னும் பின்னும் இல்லாத வட்டம் என்பதால் துடுப்பை ஒரு பக்கம் போட்டால் சுற்ற ஆரம்பித்துவிடும், நேராக ஓட்டுவதுதான் கஷ்டமான வேலை. அடி தட்டையாக இருப்பதால் முழங்கால் ஆழத் தண்ணீரிலும் போகும், பாறைகளுக்கு நடுவே இதைவிட்டால் வேறு படகு சரிப்படாது.

இருபக்கமும் பாறைச் சுவர், மேலே நீளமாக ஒரு துண்டு வானம். நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. பாம்புத்தாரா ஒன்று கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தியது, பாப்பா பாம்பு என்றே நினைத்துவிட்டாள். கறுப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்ற இடத்திலேயே இறக்கையடித்து, அப்புறம் கல் விழுந்த மாதிரி செங்குத்தாக விழுந்து ஒரு மீனோடு எழுந்தது.

ஆட்கள் அதிகம் போகாத ஒரு திட்டில் இறக்கிவிட்டார். நாற்பது தப்படியில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விடலாம். பாப்பா நாலு பக்கமும் ஓடிப் பார்த்து, எல்லாப் பக்கமும் தண்ணீர்தான் என்று உறுதி செய்துகொண்டாள்.

ஈர மணலில் காலடிகள். அண்ணா குந்தி உட்கார்ந்து காட்டினார். ஐந்து விரல், விரல்களுக்கு நடுவே ஜவ்வு அழுந்திய தடம், பின்னால் வால் இழுபட்ட கோடு. நீர்நாய். பக்கத்துப் பாறையில் அதன் கழிவு, நிறைய மீன் செதிலும் நண்டு ஓடும், வாடை குப்பென்று வந்தது. ஒரே இடத்தில்தான் வந்து போடுமாம், இது எங்க இடம் என்று மற்ற நீர்நாய்களுக்குச் சொல்கிற மாதிரி. "அப்ப இந்தத் தீவு அவங்களோடதா பெரியப்பா?" என்றாள். ஆமாம் பாப்பா என்றார்.

ஜனவரி 25

இன்றைக்கும் முதல் பரிசல். திட்டுக்கு எதிரே ஒரு பாறை மறைவில் பரிசலைப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். பேசக்கூடாது, கையை ஆட்டக்கூடாது. அரை மணி நேரம் ஒன்றுமில்லை, கால் மரத்துப்போய் இன்னும் கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடலாம் என்று நான் நினைத்தபோது மேல்பக்கம் சின்னதாக விசில் மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பதிலாக இன்னொன்று.

ஏழு. முதலில் தலைகள் மட்டும் தெரிந்தன, வரிசையாக ஆற்றின் குறுக்கே பரவி வந்தன, ஓரத்தில் இருப்பவை கொஞ்சம் முன்னால், நடுவில் இருப்பவை பின்னால், வலை இழுக்கிற மாதிரி மீனை ஆழமில்லாத பக்கம் தள்ளிக்கொண்டு. தண்ணீர் கொதித்தது போல இருந்தது. எங்கிருந்தோ நாலைந்து கொக்குகள் ஓடிவந்து கரையோரம் நின்று தப்பித்து வரும் மீனைப் பொறுக்கின. ஒரு நீர்நாய் முன்னங்கால் இரண்டிலும் மீனைப் பிடித்துக்கொண்டு கடித்தது, அந்த நறநற சத்தம்கூட எங்களுக்குக் கேட்டது. சாப்பிட்டு முடித்து எல்லாம் திட்டில் ஏறி மணலில் புரண்டன. ரோமத்தை உலர்த்தத்தான் அப்படிப் புரளுமாம். நடுவில் ஒரு குட்டி, அதைத் தாய் கழுத்தில் கவ்வி இழுத்து இழுத்துத் தண்ணீருக்குள் கொண்டு வந்தது, அது திரும்பித் திரும்பி மணலுக்கே ஓடியது.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். எத்தனையோ முறை இங்கே வந்து அருவியில் குளித்து, மீன் வறுவல் சாப்பிட்டுத் திரும்பியிருக்கிறேன். இவை இத்தனை வருஷமும் இங்கேயேதான் இருந்திருக்கின்றன. போன் பையிலேயே இருந்தது, ஒரு படம்கூட எடுக்கவில்லை, எடுக்கத் தோன்றவும் இல்லை.

ஜனவரி 26

விடுமுறைக் கூட்டம். பரிசல் துறையில் நீள வரிசை, அதனால் ஆற்றுக்குள் போகவில்லை. முதலைகள் மறுவாழ்வு மையத்தைப் பார்த்தோம். வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தன, உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்ள அப்படிக் கிடக்குமாம். முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை அது புதைந்திருக்கும் மணலின் சூடுதான் முடிவு செய்கிறது என்று சொன்னதும் பாப்பா அதையே சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் ஊட்டமலைப் பக்கம் கரையோரம் நடந்தோம். நீர்மருது மரங்கள் தண்ணீர்மேல் சாய்ந்து கிடக்கும் இடம், ஒன்றின் கிளை இன்னொன்றோடு கோத்துக்கொண்டு. உச்சியில் நரை அணில் ஒன்று, நீள வால் கிளையிலிருந்து தொங்கியது. தரையில் இறங்காமலேயே மரத்துக்கு மரம் போகிற ஜாதி, அதனால் நடுவில் ஒரு மரத்தை வெட்டினாலும் அதற்குப் பாதை அறுந்துவிடும்.

அங்கேயேதான் அதையும் பார்த்தோம். யாரோ அறுத்துப் போட்ட நைலான் வலை, வேரில் சிக்கிக் கிடந்தது, உள்ளே ஒரு பாலாமை. முன்காலில் நூல் இறங்கிச் சதை வெளுத்திருந்தது. அண்ணாவுக்குப் போன் போட்டேன், கூட்ட நேரத்திலும் சவாரியை வேறொருவரிடம் விட்டுவிட்டு வந்தார். ஓட்டைப் பின்பக்கம் பிடித்துக்கொண்டு, கத்தி முனையால் ஒவ்வொரு இழையாக எடுத்தார். தண்ணீரில் விட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது, அப்புறம் சேற்றுக்குள் போய்விட்டது. பிழைக்குமா என்று பாப்பா கேட்டாள். கால் அசைஞ்சுது, பார்க்கலாம் என்றார். அந்த வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டோம், கூடவே கையில் அகப்பட்ட பாட்டில் சில்லுகளையும். இரண்டு சாக்கு நிறைந்தது. எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை. வலையை அறுத்துப் போட்டவருக்கும் இதே தண்ணீர்தான் வீட்டுக் குழாயில் வருகிறது.

ஜனவரி 27, ஓசூர்

அஞ்செட்டி வழியாகத் திரும்பினோம், காடு பார்த்துக்கொண்டே வரலாம் என்று. இந்தப் பக்கம் 2014-ல் காவிரி வடக்குச் சரணாலயம் 504 சதுர கிலோமீட்டரில் வந்தது, 2022-ல் காவிரி தெற்கு, 686 சதுர கிலோமீட்டர். எதிர்க்கரையில் கர்நாடகக் காடு. யானைகளுக்கு மாநில எல்லையா தெரியும், ஆற்றைக் கடந்து போய்வந்துகொண்டுதான் இருக்கின்றன. நாட்றாம்பாளையம் தாண்டி ஒரு திருப்பத்தில் பஸ் நின்றது, டிரைவர் இன்ஜினை அணைத்தார். உள்ளே கிளை முறியும் சத்தம் மட்டும் கேட்டது. இருபது நிமிஷம் காத்திருந்தும் கண்ணில் படவில்லை, சத்தம் தூரமாகப் போனதும் வண்டி கிளம்பியது.

கிளம்பும்போது அண்ணா சொன்னார், கோடை தொடங்கியதும் ஆற்று ஆலா அந்தத் திட்டு மணலிலேயே முட்டையிடுமாம், கூடு எதுவும் கட்டாது, மணல் நிறத்திலேயே முட்டை இருப்பதால் ஆள் நடந்தால் மிதிபட்டுவிடும், அப்போது யாரையும் அங்கே இறக்கமாட்டாராம். பரிசலில் இருந்தபடியே தூரத்திலிருந்து காட்டுகிறேன், முட்டை வைத்ததும் போன் பண்ணுகிறேன் என்றிருக்கிறார். பாப்பா அவர் நம்பரைத் தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.