ஏ பிளஸ் கோர் 1: முதல் முறை 648, இரண்டாம் முறை 731

ஏ பிளஸ் என்பது கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர்களுக்காக காம்ப்டியா நிறுவனம் தரும் சான்றிதழ். அதற்கான இரண்டு தேர்வுகளில் ஒன்று கோர் 1, இன்னொன்று கோர் 2. நேற்று கோர் 1 தேர்வு முடிந்த கையோடு திரையில் 731 என்று வந்தது. தேர 675 வேண்டும். முதல் முறை 648 எடுத்து வெறும் 27 மதிப்பெண்ணில் கோட்டை விட்டேன். அதற்காக முழுக் கட்டணத்தையும் மறுபடி கட்டியது இன்னும் வலிக்கிறது.

சர்வீஸ் கடையில் ஏழு வருடம் வேலை பார்த்தவன் நான். முதல் முறை தோற்றதற்கு அந்தப் பழக்கமே காரணம். "டிஸ்க் காட்டலைண்ணா" என்று யாராவது வந்தால் கை தானாகக் கேபிளை மாற்றும், பிறகு வேறு டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கும். கடையில் உதிரி பாகம் பக்கத்திலேயே கிடக்கும், அதனால் அது ஓடும். தேர்வில் நான்கு விடையுமே செய்யக்கூடிய வேலைகளாக இருக்கும். கேள்வியில் "முதலில்" என்கிறார்களா, "அடுத்து" என்கிறார்களா என்பதில்தான் மதிப்பெண் இருக்கிறது.

தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் உட்கார்ந்தேன். அதனால் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒருவர் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் சின்ன டிஸ்க்) வாங்கித் தானே மாட்டியிருக்கிறார், பழைய ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டரில் தெரியாமல் போய்விட்டது. கேபிள், பவர், இன்னொரு டிஸ்க் என்று அரை நாள் போனது. கடைசியில் மதர்போர்டு மேனுவலைப் புரட்டினால், அந்த எம்.2 ஸ்லாட்டில் எதையாவது மாட்டினால் சாட்டா (ஹார்ட் டிஸ்க் கேபிளைச் செருகும் இணைப்பு) 5, 6 போர்ட்கள் அணைந்துவிடும் என்று போட்டிருந்தது. இரண்டாம் போர்ட்டுக்கு மாற்றியதும் டிஸ்க் வந்துவிட்டது. "கடைசியா என்ன மாத்தினீங்க?" என்று கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. கோளாறு கண்டுபிடிக்கப் பாடத்தில் சொல்லும் ஆறு படி முறையில் முதல் படியே அதுதான். நான் அதை மனப்பாடம் செய்தேனே தவிர நம்பவில்லை.

இரண்டாம் முறை ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டேன்: பயாஸில் (விண்டோஸ் வரும் முன்பே ஓடும் மதர்போர்டின் சொந்த மென்பொருள்) தெரிகிறதா?

- பயாஸிலேயே இல்லை: பவர், கேபிள், ஸ்லாட், முடக்கிய போர்ட். டிரைவர் (சாதனத்தை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) என்ற விடை பக்கம் போகாதீர்கள்.
- பயாஸில் உண்டு, விண்டோஸில் டிரைவாக வரவில்லை: புது டிஸ்க் என்றால் இனிஷியலைஸ் (முதல் பயன்பாட்டுக்குத் தயார்) செய்யவில்லை, பழையது என்றால் டிரைவ் லெட்டர் போயிருக்கலாம். 2 டிபிக்கு (டெராபைட்) மேல் முழுதாக வேண்டுமானால் ஜிபிடி என்ற பிரிப்பு முறை.
- டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸின் சாதனப் பட்டியல்) கோட் 28: டிரைவர் இல்லை. கோட் 43: சாதனமே கோளாறு சொன்னதால் விண்டோஸ் நிறுத்திவிட்டது.
- சாட்டா மட்டும் ஏற்கும் எம்.2 ஸ்லாட்டில் என்விஎம்இ (சாட்டாவைவிட வேகமான வகை) எஸ்எஸ்டி தெரியாது.
- இரண்டு ராமில் ஒன்றுதான் காட்டுகிறது: கழற்றி அழுத்தி மாட்டுங்கள், பிறகு ஒவ்வொன்றாக ஸ்லாட் மாற்றிப் பாருங்கள்.

விண்டோஸ் சங்கதி கோர் 2 பாடம்தான். ஆனாலும் இப்போதே படித்துவிடுங்கள், பிரித்துப் படித்தால் இந்த வரிசை மனதில் நிற்காது.

செய்முறைக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளினேன். 90 நிமிடத்தில் 25 நிமிடம் அவற்றுக்கு மிச்சம் வைத்தேன். என்னைப்போல் அவசரப்படுகிறவர்களுக்கு இது சரிவரும், நிதானமானவர்கள் முதலிலேயே முடித்துவிடலாம்.

இரண்டாம் முயற்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, மூன்றாவதற்குத்தான் 14 நாள். இருந்தும் நான் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டேன். தோற்ற மதிப்பெண் தாளைக் கிழித்துவிடாதீர்கள். எந்தெந்தப் பாடப்பகுதியில் தவறவிட்டீர்கள் என்று அதிலேயே இருக்கும். என் தாளில் ஸ்டோரேஜ் கோளாறு பகுதி இருந்தது. அந்த ஐந்து வாரத்தில் மூன்று வாரத்தை அதற்கே கொடுத்தேன்.