புறக்கோட்டையில் அண்ணாந்து பார்த்து நடந்த ஒரு நாள்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வருகிற எங்களுக்குப் புறக்கோட்டை என்றால் சாமான் வாங்குகிற இடம். கலியாணச் சேலைக்கு இரண்டாம் குறுக்குத் தெரு, மின்சாரச் சாமானுக்கு முதலாம் குறுக்குத் தெரு, தாலிக்கொடிக்குச் செட்டியார் தெரு. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மூட்டை சுமக்கும் நாட்டாமிமாரின் கைவண்டிக்கு விலகி, பேரம் பேசி வாங்கி முடித்ததும் பஸ்ஸைப் பிடித்துவிடுவோம். கடைக்கு மேலே என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இந்த முறை அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கினேன். கொம்பனித்தெருவில் நடந்ததை அறிந்த பிறகு, இனியும் தள்ளிப்போட்டால் பார்க்க ஒன்றும் மிஞ்சாது என்று பட்டது.

ஆகவே முதலில் கொம்பனித்தெருவுக்கே போனேன். அங்கே டி சொய்சா கட்டடம் என்று 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீண்ட மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. கீழே வரிசையாகச் சிறு கடைகள், மேலே பழைய ஜன்னல்கள். சாப்பாட்டுக் கடையிலிருந்து சின்னச் சில்லறைக் கடை வரைக்கும் அந்த வரிசையில் நடந்தது. தமிழர், மலாய்க்காரர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் நெருங்கி வாழும் தெருக்கள் அவை. 2021இல் அந்தக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் நாலாபுறமும் கண்ணாடிக் கோபுரங்கள்தான் தெரிகின்றன. 1965இல் திறந்த ரியோ திரையரங்கு மட்டும், 1983 ஜூலை இனக்கலவரத்தில் எரிக்கப்பட்ட கோலத்தோடு இன்னும் நிற்கிறது. அது ஒரு தமிழ்க் குடும்பத்தின் சொத்து.

நூறு வருடம் தாண்டிய கட்டடத்தை எப்படி இவ்வளவு எளிதாக இடிக்க முடிகிறது? சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஐ எல்லையாக வைத்திருக்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. அதற்கு முந்திய கட்டடம் என்றால் தொல்பொருளாகவே கருதப்படும். பிந்தியது என்றால், பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று அரச அறிவித்தல் இதழான வர்த்தமானியில் பெயர் வரவேண்டும். கொழும்பில் நாங்கள் பார்க்கிற பழைய கடைத்தெருக்களில் பெரும்பகுதி ஆங்கிலேயர் காலத்தில் எழும்பியவை. வர்த்தமானியில் வராத கட்டடம் சொந்தக்காரரின் மனதையும் நிலத்தின் விலையையும் நம்பித்தான் நிற்கிறது. கொழும்பில் நிலத்தின் விலை எப்படிப் போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

கொம்பனித்தெருவிலிருந்து கோட்டைப் பகுதிக்கு நடந்தேன். யோர்க் வீதியில் கார்கில்ஸ் கட்டடத்தின் கீழே உள்ள வளைவுத் தாழ்வாரத்தில் நடப்பது இன்றைக்கும் சுகம். 1906இல் கட்டி முடித்த சிவப்புக் கட்டடம் அது. வெயிலும் மழையும் படாமல் கடை கடையாகப் பார்த்துப் போகலாம் என்று அந்தக் காலத்திலேயே யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். பன்னிரண்டு மணி வெயிலில் தெருவிலிருந்து அந்த நிழலுக்குள் கால் வைத்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

சற்றுத் தள்ளி ஒல்லாந்தர் வைத்தியசாலை. 17ஆம் நூற்றாண்டுக் கட்டடம், கோட்டையில் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது. ஒரு காலம் பொலிஸ் நிலையமாக இருந்தது, 1996 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பில் அடிபட்டது. பிறகு திருத்தி, 2011இல் கடைத்தொகுதியாகத் திறந்தார்கள். வேலை சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். தடித்த சுவர், தேக்கு உத்தரம், ஓடு, நடு முற்றம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. இடிக்காமல் விட்டதற்கு மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் உள்ளே இருப்பவை உல்லாசப் பயணிகளுக்கான உணவகங்களும் பரிசுப் பொருள் கடைகளும்தான். கோட்டையில் வேலை செய்கிற ஒரு சிற்றூழியர் மதியம் அங்கே சோறு சாப்பிட முடியாது. வைத்தியசாலையாகவும் பொலிஸ் நிலையமாகவும் இருந்த இடம், அங்கிருந்து எந்தச் சிறுகடையும் துரத்தப்படவில்லை, அதனால் அதைக் குறை சொல்லவில்லை. அதே முறையை மனிதர்கள் பிழைத்துக்கொண்டிருக்கிற தெருவுக்குக் கொண்டுபோனால்தான் வில்லங்கம். சுவர் தப்பும், கடைக்காரர் தப்பமாட்டார்.

புறக்கோட்டைக்குள் நுழைந்தபோது மதியம் தாண்டிவிட்டது. பிரதான வீதியில் கழுத்து வலிக்க அண்ணாந்து நடந்தேன். விளம்பரப் பலகைகளுக்குப் பின்னால் மர ஜன்னல், சுண்ணாம்புப் பூவேலை, துருப்பிடித்த பல்கணிக் கம்பி என்று துண்டு துண்டாகக் கண்ணில் படுகின்றன. சில முகப்புகளை அலுமினியத் தகட்டால் முழுதாகவே மூடிவிட்டார்கள். இரண்டாம் குறுக்குத் தெருவில் 1909இல் முடிந்த சிவப்புப் பள்ளிவாசல் முன்னால் வெளிநாட்டுக்காரர் கூட்டம். அவர்கள் படமெடுத்துவிட்டு அப்படியே திரும்பிப் போகிறார்கள், எதிரிலுள்ள கடைகளின் மாடியைப் பார்ப்பதில்லை.

நான் நெடுநேரம் நின்றது மருந்துச் சரக்கு விற்கிற ஒரு சின்னக் கடையில். காபோஸ் ஒழுங்கைப் பக்கம் இப்படிப்பட்ட கடைகள் அதிகம். கடுக்காய், வசம்பு, அதிமதுரம், மரமஞ்சள் எல்லாம் கலந்து ஒரு வாசம். சுவர் முழுக்கச் சின்ன மர இழுப்பறைகள். வைத்தியர் எழுதிய துண்டை நீட்டினால், கடைக்கார முஸ்லிம் நானா அதை ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமலே கையை நீட்டி இழுப்பறைகளைத் திறக்கிறார். கழஞ்சுக் கணக்கில் நிறுத்துப் பழைய பத்திரிகைத் தாளில் மடித்து, ஒவ்வொரு பொட்டலமாக அடுக்கிவிடுகிறார். கடையின் கதவு இரும்பு ஷட்டர் அல்ல, தனித்தனிப் பலகைகள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் இலக்கம்.

"நானா, இந்தப் பலகையெல்லாம் எந்தக் காலத்தது?"

"வாப்பா கட வச்ச நாள்ல இருந்து இதுதான் மகன். வரிச மாறினா ஒண்டும் பூராது."

கடை அவருடையது, கட்டடம் வேறொருவருடையது. வாப்பா காலத்தில் கீ மணி, அதாவது வாடகைக்கு எடுக்கும்போது மொத்தமாகக் கொடுக்கும் முன்பணம், கொடுத்து எடுத்த இடம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இப்படிப்பட்ட பழைய வாடகைக்காரர்களை எளிதில் எழுப்ப முடியாமல் காத்தது. அதே சட்டத்தால் வாடகையும் ஏறாமல் கிடந்தது. வருகிற வாடகை ஓடு மாற்றவும் காணாது என்றால் எந்தச் சொந்தக்காரர் கூரையைத் திருத்துவார்? கூரை ஒழுகும், உத்தரம் உளுக்கும், கடைசியில் ஆபத்தான கட்டடம் என்று சொல்லி இடிக்க நியாயம் கிடைத்துவிடும். பழைய கடைத்தெருக்கள் பலவற்றில் முதலில் வேலை செய்வது இந்த ஒழுக்குத்தான், புல்டோசர் பிறகுதான் வருகிறது.

"இடத்துக்காரர் நல்ல மனிசன். அவர்ட புள்ளைகள் எல்லாம் வெளிநாட்டுல. இடிச்சுக் கட்டினாப் பொறகு மேல் மாடியில ஒரு கட தாறமெண்டு சொல்றாங்க. நாலு மாடி ஏறி வந்து ஆரு மகன் திப்பிலி வாங்குற?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? புதிய கடைத்தொகுதி ஒன்றுக்குள் அப்புறம் ஏறிப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் கால் வைக்க இடமில்லை. மூன்றாம் மாடியில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன, திறந்திருந்த கடைகளில் பெடியன்கள் போனில் மூழ்கியிருந்தார்கள். தெருவோடு ஒட்டியிருப்பதுதான் சிறுகடையின் உயிர். வழியில் போகிறவர் சும்மா நின்று பார்த்து, விலை கேட்டு, வாங்கிவிட்டுப் போகவேண்டும்.

செட்டியார் தெருவில் இது இன்னும் தெளிவாக விளங்கியது. கீழே கண்ணாடி மின்னும் நகைக்கடைகள். ஒரு கடைக்காரரிடம் கேட்டு, பக்கத்துச் சந்துக்குள் மரப்படி ஏறி மேலே போனேன். தாழ்ந்த கூரைக்குக் கீழ் ஒரு பட்டறை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஓர் அண்ணன் வளையலுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். அரம் ஓடும்போது உதிர்கிற பொடி மடியில் விரித்த துணியில் விழுகிறது. வேலை முடிந்ததும் துணியை உதறாமல் மடித்து வைக்கிறார்கள். தரையில் கூட்டிய குப்பையைக்கூட வெளியே கொட்டுவதில்லை. சேர்த்து வைத்து உருக்கித் தங்கம் எடுக்கிறார்கள். பலகைத் தரையின் இடுக்குகளிலும் தங்கம் இருக்கிறது என்றார், சிரிக்காமல்.

ஒரு மாலை முழுதாக அவர் கையில் உருவாவதில்லை. உருக்கி வார்ப்பது ஓர் இடம், கல் பதிப்பது எதிர்ச் சந்து, மெருகு போடுவது இன்னோர் ஆள். தங்கத்தைப் பொட்டலமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஒரு கையாள் அங்குமிங்கும் நடக்கிறார். எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால்தான் இது நடக்கிறது. ஒருவரைப் பியகமவுக்கும் இன்னொருவரை வத்தளைக்கும் அனுப்பினால் தொழில் அறுந்துபோகும். 2020இல் புறக்கோட்டையிலிருந்த மெனிங் மரக்கறிச் சந்தையைப் பேலியகொடைக்கு மாற்றினார்கள். நெரிசல் குறைந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சந்தையை நம்பிப் பிழைத்த நாட்டாமிமாரும் தேத்தண்ணீர்க் கடைகளும் எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வந்ததாகத் தெரியவில்லை.

பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் இதே தெருவில்தான். ஆடிவேல் தேர் புறப்படும் தெரு இது. 1983இல் புறக்கோட்டையில் எங்கள் ஆட்களின் கடைகள் எரிந்தன. எரிந்த இடத்திலேயே திரும்பி வந்து கடை திறந்தவர்கள் இருக்கிறார்கள். நெருப்புக்குப் பிறகும் விடாமல் பிடித்துக்கொண்ட இடத்தை இப்போது ஒரு கட்டடத் திட்டத்துக்காக விட்டுக்கொடு என்றால் அது சாதாரண இழப்பல்ல. வெறும் அழகுக்காக இதையெல்லாம் காக்கவேண்டும் என்று நான் எழுதவில்லை.

நகர அபிவிருத்தி அதிகார சபையும் தொல்பொருள் திணைக்களமும் செய்யக்கூடியவை இருக்கின்றன. தனிக் கட்டடங்களை மட்டும் பார்க்காமல் தெருவையே ஒரு பாதுகாப்பு வலயமாக அறிவிக்கலாம். வாடகையை நியாயமான அளவுக்கு உயர்த்தி, அந்தப் பணத்தில் கூரையைத் திருத்தச் சொந்தக்காரரைக் கட்டுப்படுத்தலாம். கட்டாயம் இடிக்கத்தான் வேண்டும் என்றால், பழைய வாடகைக்காரருக்குக் கீழ்த்தளத்தில், தெருவைப் பார்த்த கடை என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். பிரின்ஸ் வீதியில் உள்ள ஒல்லாந்தர் அருங்காட்சியகக் கட்டடம் ஒரு காலம் தபால் நிலையமாக இருந்தது. அதைத் திருத்தி 1982இல் திறந்தார்கள். மனம் வைத்தால் செய்ய முடியும் என்பதற்கு அத்தாட்சி அதே சுற்றாடலில் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறும் பௌர்ணமி விடுமுறையான போயா தினமும் வேண்டாம், கடைகள் பெரும்பாலும் பூட்டு. வெள்ளவத்தையில் தங்குபவர்கள் 100ஆம் இலக்க பஸ்ஸில் நேரே புறக்கோட்டைக்கு வரலாம். காலை ஒன்பது மணிக்குள் வந்தால் பலகைக் கதவுகளைக் கழற்றி அடுக்குவதைப் பார்க்கலாம். படம் எடுக்கமுன் கேளுங்கள், தமிழில் கேட்டாலே போதும். எதையாவது வாங்குங்கள், அந்த மருந்துச் சரக்குக் கடையில் மல்லி ஒரு பொட்டலமாவது.