நீவி விடுதல்

அப்பா இறந்த பிறகு, கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை இறுக மூடியபடியே அம்மா தூங்குவதைப் பல மாதங்கள் பார்த்தேன். மனச்சோர்வுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை அவர் தவறாமல் சாப்பிட்டார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று நாங்களும் தினமும் விசாரித்தோம். ஆனால் 40 ஆண்டுகள் இன்னோர் உடலின் அருகாமைக்குப் பழகிய அவரை, அதன் பிறகு யாருமே தொடவில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. வளர்ந்த பிள்ளைகள் தாயைத் தொட்டுப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் எப்போதோ நின்றுபோயிருந்தது.

முழங்கால் வலிக்கிறது என்று அவர் சொன்ன ஒரு மாலையில் தொடங்கினேன். இரும்புக் குழிக்கரண்டியில் நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகச் சுட வைத்து, உள்ளங்கையில் விட்டுத் தேய்த்துக்கொண்டு, ஆடுசதையிலிருந்து கணுக்கால்வரை நீவினேன். முதலில் கூச்சத்தில் காலை இழுத்துக்கொண்டார். அமுக்குதல், பிசைதல், உருவுதல், நீவுதல் என்று நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கையின் வேகமும் அழுத்தமும் வேறு. இறுகிய தசைக்கு அமுக்க வேண்டும். கலங்கிய மனத்துக்கு நீவுவதே பொருத்தம் என்பதைப் பிறகு படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

மயிர் வளரும் தோலில் மிக மெல்லிய நரம்பிழைகள் ஒரு வகை உண்டு. வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக நகரும் வெதுவெதுப்பான கையின் வருடலுக்கே அவை மிகுதியாகச் செயல்படுகின்றன. மனிதத் தோலில் அவற்றை ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 1990களில் விரிவாகப் பதிவு செய்தார்கள். நோயால் தொடு உணர்வுக்கான பெரிய நரம்பிழைகளை இழந்த ஒரு பெண்மணியால், மென்மையான வருடலை மங்கலான ஓர் இதமாக உணர முடிந்ததை 2002இல் வெளியான அவர்களுடைய ஆய்வு காட்டியது. எங்கே தொட்டார்கள் என்ற செய்தியைவிட, அந்தத் தொடுதல் இதமாக இருக்கிறது என்ற உணர்வையே அந்த இழைகள் மூளையின் இன்சுலா பகுதிக்குக் கொண்டு செல்கின்றன. உடலின் நிலையும் மனத்தின் உணர்ச்சியும் சந்திக்கும் இடங்களில் அது முக்கியமான ஒன்று.

மசாஜ் செய்தால், மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வெகுவாகக் குறைந்துவிடும் என்று விளம்பரங்கள் சொல்வது மிகை. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அந்த விளைவு மிகச் சிறியது என்றே கண்டார்கள். ஆனால் பல நாட்கள் தொடர்ந்து செய்யும்போது பதற்றமும் மனச்சோர்வும் தணிவதை 2004இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு தெளிவாகக் காட்டியது. அதற்காக மாத்திரையை நாங்கள் நிறுத்தவில்லை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது, மருத்துவரிடம்தான் போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது வாரத்தில், முன்கையை நீவிக்கொண்டிருந்தபோது, அம்மாவின் கட்டைவிரல் தானாக வெளியே வந்தது. அன்றுதான், அப்பாவின் கடைசி இரவைப் பற்றி, நான் கேட்காமலேயே பேசத் தொடங்கினார். அப்பாவின் கால்கள் சில்லிட்டிருந்ததையும், செவிலியர் வரும்வரை தாம் அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருந்ததையும் சொன்னார். நான் நீவுவதை நிறுத்தவில்லை. பேசி முடித்ததும் என் தோளில் கை வைத்து, "கல்லு மாதிரி இருக்கேப்பா, திரும்பி உக்காரு" என்று கரண்டியை எடுத்துக்கொண்டார்.