கேனுலா உறையைத் தூக்கிப் போடாதீர்கள்

அரசு மருத்துவமனை ஒன்றில், ஆண்கள் மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அன்று எனக்கு மதிய டியூட்டி. காய்ச்சலுக்காகச் சேர்ந்து மூன்று நாளான ஒரு பெரியவருக்கு, முழங்கை மடிப்புக்குப் பக்கத்தில் கேனுலா (மருந்து ஏற்ற ரத்தக் குழாய்க்குள் செருகி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) போட்ட இடம் வீங்கிச் சிவந்திருந்தது. எடுத்துவிட்டு வேறு கையில் போடலாம் என்று பிளாஸ்டரைப் பிரித்து உருவினேன். வெளியே வந்ததைப் பார்த்ததும் திக்கென்றது. கேனுலாவில் அளவுக்கு ஒரு நிறம்; அதில் பிங்க் கேனுலா எவ்வளவு நீளம் இருக்கும் என்பது எங்களுக்குக் கண்ணிலேயே பழகிப்போன விஷயம். இது குட்டையாக இருந்தது. நுனி பிய்ந்திருந்தது.

உடனே அந்த இடத்துக்கு மேலே டூர்னிகேட், அதாவது ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் பட்டையை, இறுக்கிக் கட்டினேன். உள்ளே நிற்கும் துண்டு ரத்தத்தோடு இதயப் பக்கம் போய்விடக் கூடாது. "ஐயா, கையை அசைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டேன். எக்ஸ்ரேயில் துண்டு தெரிந்தது. சர்ஜன் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி எடுத்தார். ஒரு சென்டிமீட்டர் இருக்கும். பெரியவருக்கு அதற்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. அவர் மனைவிதான், "ஏன் சிஸ்டர், அது உள்ளேயே போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன்.

வார்டில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "சிவப்புக் குப்பைக் கவரில் போட்டுட்டு வேலையைப் பாரு. எழுதிக் கொடுத்தா மெமோதான் வரும்." எனக்கும் பயம் இருந்தது. ஆனால் இது அடுத்த படுக்கையிலும் நடக்கலாம் அல்லவா? இரண்டு துண்டுகளையும் கழுவாமல் ஒரு ஸ்டெரைல் பாட்டிலில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்ய மெட்டீரியோவிஜிலன்ஸ் என்று ஒரு தேசியத் திட்டம் 2015 ஜூலையில் தொடங்கப்பட்டது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம்தான் அதை நடத்துகிறது. ஒரு பயிற்சியில் காதில் விழுந்ததோடு சரி. நினைவுக்கு வந்ததும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் போன் செய்தேன். டாக்டர் மட்டுமில்லை, நர்ஸ், பார்மசிஸ்ட், நோயாளி யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்கள். பக்கத்து மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் துறையில் இதற்கான மையம் இருந்தது. படிவம் அங்கிருந்து வந்தது.

உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்த பிறகுதான் சிக்கலே. சாதனத்தின் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண், தயாரித்த தேதி என்று வரிசையாகக் கேட்கிறது. கேனுலாவில் பேட்ச் எண் கிடையாது. அது உறையில்தான் இருக்கும். இவருக்குக் கேனுலா போட்டது கேஷுவாலிட்டியில், மூன்று நாளைக்கு முன்பு. உறை என்றைக்கோ குப்பைக்குப் போயிருக்கும்.

இந்த இடத்தில் எனக்கு வருத்தம் அதிகம். 2005-லேயே மத்திய அரசு பத்துக் கிருமிநீக்கிய சாதனங்களை மருந்துச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. ஸ்டென்ட், இதய வால்வோடு கேனுலாவும் அதில் உண்டு. 2018 ஜனவரியில் தனி விதிகள் நடைமுறைக்கு வந்தன. 2020 ஏப்ரலில் எல்லாச் சாதனங்களும் அந்த வரையறைக்குள் வந்துவிட்டன. அத்தனை சட்டமும் கடைசியில் அந்தச் சின்ன உறையில் அச்சிட்ட எண்ணை நம்பித்தான் இருக்கிறது. நாங்கள் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறோம்.

ஸ்டோர் பார்மசிஸ்ட் அண்ணன் உதவினார். கேஷுவாலிட்டி ஸ்டோரில் கேட்டு வாங்கிய பொருட்களை எழுதும் இன்டென்ட் புத்தகத்தைப் புரட்டி, அந்த வாரம் போன பிங்க் கேனுலாக்கள் இரண்டு பேட்ச் என்று கண்டுபிடித்தார். இரண்டில் எது என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. இரண்டையும் எழுதி, அதையும் குறிப்பிட்டேன். மீதமிருந்த பெட்டிகளை அவர் தனியாக எடுத்து வைத்தார்.

அடுத்தது, என்ன நடந்தது என்று விவரிக்கும் பகுதி. கேனுலா பிய்வதற்குப் பொருளின் குறைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ரத்தக் குழாய் கிடைக்காமல், கேனுலாவுக்குள்ளிருந்து பாதி வெளியே இழுத்த ஊசியை மறுபடி உள்ளே செலுத்தினால் ஊசி முனையே பிளாஸ்டிக் குழாயை அறுத்துவிடும். மடிப்புப் பக்கத்தில் போட்டால் கை மடங்கி மடங்கி நைந்தும் போகும். கேஷுவாலிட்டியில் கேனுலா போட்ட நர்ஸ் தங்கச்சியிடம் கேட்டேன். "அன்னைக்கு ஒரே கூட்டம் அக்கா, ஞாபகம் இல்லை" என்று அழுதுவிட்டாள். அவள் பெயரை எழுதவில்லை, படிவமும் அதைக் கேட்கவில்லை. போட்ட இடத்தையும் இருந்த நாட்களையும் எழுதி, ஊசி திரும்பச் செலுத்தப்பட்டதா என்பது தெரியவில்லை என்று குறிப்பிட்டேன், அவ்வளவுதான். படிவத்தை அனுப்புவதாலேயே தவறை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று மையத்தில் இருந்தவர் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சூப்பிரண்டெண்ட் மேடம் கையெழுத்துப் போடும்போது, "முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார். மெமோ வரவில்லை. சில நாளில் மையத்திலிருந்து கூப்பிட்டு, துண்டுகள் பத்திரமாக இருக்கின்றனவா, ஒரே கேனுலாவை இரண்டு முறை முயன்றார்களா என்று கேட்டார்கள். அறிக்கைக்கு ஓர் எண் கொடுத்தார்கள். அந்த பேட்ச் என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தகவல் இல்லை. எழுதியவருக்கு ஒரு வரியாவது பதில் வந்தால் அடுத்த முறை எழுதக் கை ஓடும். இதை மையத்திலும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது எங்கள் வார்டில் கேனுலா போட்டதும் உறையில் பேட்ச் எண் உள்ள துண்டைக் கிழித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறோம். இரவில் கூட்டம் அதிகமானால் விட்டுப்போகிறது. அதனால் காலிப் பெட்டியின் மூடியிலேயே பிரித்த தேதியை எழுதி, ஒரு வாரம் வரை வைத்திருக்கிறோம். கேஷுவாலிட்டியில் அந்தத் தங்கச்சிதான் இதைப் பார்த்துக்கொள்கிறாள்.